சிலுவை வைத்த வாசலும் சர்க்கார் அரிசியும்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம். கேரளத்து மலையில் இருக்கும் எங்கள் தேவிகுளத்தில் அடைமழை. அன்றைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகாமல் அம்மா என்னைக் கூட்டிப்போக மத்தியானமே பள்ளிக்கு வந்துவிட்டாள். நாங்கள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து கஞ்சியும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா கஞ்சிப்புரை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெரிய சிஸ்டரிடம் போய் மெதுவாகக் கேட்டாள். "சிஸ்டரம்மா, இது கோயில் கஞ்சியா, சர்க்கார் கஞ்சியா?"

சிஸ்டருக்குக் கோபம் வரவில்லை. மலையாளம் கலந்த தமிழில், "அரிசி சர்க்கார் தரும். விறகு எஸ்டேட்ல இருந்து வரும். ஆக்குறது நம்ம ஸ்கூல். எதுக்கு கேக்குறீங்க?" என்றார்.

"நன்றி யாருக்குச் சொல்லணும்னு தெரியணும்ல" என்றாள் அம்மா.

நாங்கள் மாரியம்மன் கும்பிடுகிற வீடு. அம்மாவுக்கு அந்தக் கேள்வி விளையாட்டு இல்லை. வாங்கித் தின்கிற சோற்றுக்கு யாரிடம் கடன்பட்டிருக்கிறோம் என்று தெரியாமல் இருப்பது அவளுக்குப் பொறுக்காது. இத்தனை வருஷம் கழித்து அந்தக் கேள்வியை எடுத்துவைத்து எழுத உட்காரக் காரணம், போடியில் இருக்கும் அக்கா மகள்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது போடிநாயக்கனூரில். அவள் மகள் படிப்பது அங்கே ஓர் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி. கிறிஸ்தவ நிர்வாகம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் ஆரம்பித்தது. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாளன்று வந்தது. நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26இல்தான். மயிலாப்பூரில் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் வைத்துத் தொடங்கினார்கள். போடி நகராட்சி என்பதால் அக்கா மகளுக்குப் பொங்கலும் சாம்பாரும் கடைசிச் சுற்றில் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் நகராட்சிப் பள்ளிக்குப் போகிற பிள்ளை சூடாகச் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காரும். இவள் அக்கா அவசரத்தில் கொடுத்த வரக்காப்பியோடு போவாள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே பசி.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்டார். "மிஷன் ஸ்கூல்தானே? அவங்களுக்கு எதுக்குப் பொதுப்பணம்? அவங்க சபையே கொடுக்கட்டும்." நல்ல மனுஷர், தொழிற்சங்கத்துக்காரர், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என் பதில் அன்றைக்கு அரைகுறையாக இருந்தது. முழுசாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கேரளத்தில் அரசுப் பள்ளிகளைவிட உதவிபெறும் பள்ளிகளின் எண்ணிக்கை அதிகம். சபைகள், எஸ்என்டிபி யோகம், நாயர் சர்வீஸ் சொசைட்டி, முஸ்லிம் அமைப்புகள், தனி மனிதர்கள் என்று நிர்வாகம் பல கைகளில். ஆசிரியர் சம்பளத்தை அரசு நேராக ஆசிரியர் கையில் தருகிறது. பாடப்புத்தகம் அரசுடையது. அரிசி அரசின் மாவேலி ஸ்டோர் வழியாக வருகிறது. 2018இல் உயர்நிலை வகுப்புகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வைத்து 45,000 வகுப்பறைகளை மாற்றினார்கள், அதிலும் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்று பிரிக்கவில்லை. ஆக, "சபைப் பள்ளிக்கு எதற்குப் பணம்" என்று கேட்டால் கேரளத்துப் பிள்ளைகளில் பெரும்பகுதியைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். எங்கள் மலையில் இது இன்னும் கூர்மையானது. எஸ்டேட்டின் ஒரு டிவிஷனில் இருக்கிற பெற்றோருக்கு நாலு பள்ளியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. ஜீப் எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அதுதான் பள்ளி. அம்மா என்னைச் சிஸ்டர்களிடம் சேர்த்தது ஏசுவுக்காக இல்லை. ரோடு அங்கே போனது, அதனால் சேர்த்தாள்.

சம்பளம் அரசு, நிர்வாகம் சபை என்ற இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. அதன் பிறப்பில் எங்கள் தேவிகுளத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை வந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60, ஆதரித்த சுயேச்சைகள் 5. நூலிழைப் பெரும்பான்மை. கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி. அவரே கிறிஸ்தவர், திருச்சூரில் சபைக் கல்லூரியில் பல வருஷம் பாடம் சொன்னவர். அவர் கொண்டுவந்த கல்வி மசோதாவின் கேள்வி இதுதான்: சம்பளம் அரசு கொடுக்கிறது என்றால், ஆசிரியரை நியமிப்பது யார்? சபைகள் கொதித்தன. குடியரசுத் தலைவர் மசோதாவை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார்.

அதே நேரத்தில் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். 1957இல் இங்கே ஜெயித்த கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸின் வெற்றியைத் தேர்தல் வழக்கில் ரத்து செய்திருந்தார்கள். 1958 மே மாதம் மறுபடியும் போட்டி. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பாட்டுப் பாடியது அந்தத் தேர்தலுக்குத்தான். கொழுந்துக் கூடையோடு நின்று அவர் பாட்டைக் கேட்டதாக எங்கள் பாட்டி சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ரோசம்மா ஜெயித்தார், அமைச்சரவைக்கு மூச்சு வந்தது. அதே மே மாதம் 22ஆம் தேதி டில்லியில் உச்ச நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது.

தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதிய அந்தப் பெரும்பான்மைக் கருத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு இடங்கள். அரசு உதவி வாங்குகிற பள்ளிக்கு அரசு நியாயமான விதிகள் போடலாம், ஆசிரியர் தேர்வுக்குக்கூட வரையறை வைக்கலாம், ஆனால் சிறுபான்மையினர் தங்கள் பள்ளியை நடத்தும் உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் காசு என்று சொல்லக் கூடாது. இது ஒன்று. இன்னொன்று கட்டணம் பற்றியது. தொடக்க வகுப்புகளில் கட்டணம் வாங்காதே என்று மசோதா சொன்னது. அந்த இழப்பை ஈடுகட்டாமல் அப்படிச் சொன்னால் பள்ளி நடத்த முடியாது, ஆகவே சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது செல்லாது என்றது நீதிமன்றம். எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி டி.எல். வெங்கடராம அய்யர்.  பள்ளி நடத்துவது உரிமை, அரசின் அங்கீகாரம் கிடைப்பது உரிமை ஆகாது என்பது அவர் வாதம்.

அரசியல் சாசனத்தை எடுத்து வைத்தால் நண்பரின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. உதவி தரும்போது, மத அல்லது மொழிச் சிறுபான்மை நடத்துகிறது என்பதற்காகப் பாரபட்சம் காட்டாதே என்கிறது 30ஆம் பிரிவு. அரசுப் பணம் வாங்கும் பள்ளி மதம், இனம், சாதி, மொழி பார்த்துப் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதே என்கிறது 29. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதப் போதனையில் உட்கார வைக்காதே என்கிறது 28. மூன்றும் சேர்ந்துதான் ஏற்பாடு. பணம் வாசலுக்குள் போகலாம், ஆனால் வாசல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், உள்ளே வருகிற பிள்ளையின் சாமியைத் தொடக் கூடாது.

என் பள்ளியில் அது எப்படி நடந்தது? வாரத்தில் சில பீரியட் வேதக்காரப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், எங்களுக்கு நன்னெறி. நன்னெறி வகுப்பில் கதை சொல்வார்கள், அதனால் எங்களுக்கு அது பிடிக்கும். என்னை யாரும் மதம் மாறச் சொன்னதில்லை. ஆனால் காலை ஜெபத்துக்கு எல்லாரும் நிற்போம். அதற்கு அம்மாவிடமோ அப்பாவிடமோ யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால் அம்மா சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. சம்மதம் என்பது கேட்ட பிறகு வருவது.

இது கிறிஸ்தவப் பள்ளிக்கு மட்டும் சொல்கிற பேச்சு இல்லை. 1985இல் கோட்டயம் பக்கம் கிடங்கூரில், நாயர் சர்வீஸ் சொசைட்டி நடத்திய பள்ளியிலிருந்து மூன்று பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். யெகோவா சாட்சிகள் குடும்பம். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறந்து பாடவில்லை, அதுதான் குற்றம். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்றது, நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். பள்ளி யாருடையதாக இருந்தாலும் பிள்ளையின் மனசுக்கு ஒரு வேலி உண்டு என்று நான் அந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

சரி, ஜீப்புக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

அதற்கு முன் ஒரு பஸ் கதை. அமெரிக்காவில் இதே சண்டை பஸ்ஸில் ஆரம்பித்தது. நியூஜெர்சியில் ஈவிங் என்ற ஊர். கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தையும் ஊர் நிர்வாகம் பெற்றோருக்குத் திருப்பிக் கொடுத்தது. எவர்சன் என்ற வரிகட்டுபவர் வழக்குப் போட்டார். 1947இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நாலு. கொடுக்கலாம் என்று தீர்ப்பு. அரசுக்கும் சபைக்கும் நடுவே சுவர் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொன்ன அதே தீர்ப்புதான், பத்திரமாகப் பள்ளி போய்ச் சேருவது பிள்ளைக்கான சேவை என்றும் சொன்னது. ரோட்டில் போலீஸ் நிற்பதும் தீயணைப்பு வண்டி வருவதும் எப்படியோ, அப்படி. 1968இல் பாடப்புத்தகத்துக்கும் அதே நியாயம் கிடைத்தது. நடுவில் ஒரு வேதனையான கட்டமும் உண்டு. சபைப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் பாடம் சொல்லிக்கொடுக்க அரசு ஆசிரியர்கள் உள்ளே போகக் கூடாது என்று 1985இல் தீர்ப்பானது. நியூயார்க்கில் பள்ளிக்கு வெளியே தெருவோரமாக வேனை நிறுத்தி, அதற்குள் பிள்ளைகளை ஏற்றிப் பாடம் நடத்தினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து 1997இல்தான் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது.

அந்த வேன்களைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குப் பக்கத்து லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீட்டில், இருக்கும் பையன் ஞாபகம்தான் வந்தது. காதில் மெஷின் மாட்டியிருப்பான். பிஆர்சி என்ற வட்டார வள மையத்திலிருந்து ஒரு ரிசோர்ஸ் டீச்சர் அவன் படிக்கும் உதவிபெறும் பள்ளிக்கே வந்து, அவனோடு தனியாக உட்கார்ந்து வாயசைவு சொல்லிக் கொடுப்பார். மழையில் நனைந்து ஜீப்பைப் பிடித்து வருவார். வாசலில் மாதா சொரூபம் இருக்கிறதே, உள்ளே போகலாமா என்று அவர் யோசிக்க வேண்டிய அவசியமே இந்த நாட்டில் இல்லை. இதற்காக நான் மனசாரப் பெருமைப்படுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அம்மா நாலாவது வரை படித்தவள். அவள் காலத்தில் கஞ்சி கிடையாது, மஞ்சள் உப்புமா. கேர் அமைப்பு வழியாக அறுபதுகளில் கேரளத்துத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்த அமெரிக்கத் தானியம் அது, அமெரிக்க அரசின் உணவு உதவி. தன் ஊரில் சபைப் பள்ளிப் பிள்ளைக்கு என்னவெல்லாம் கொடுக்கலாம் என்று நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்த தேசத்தின் தானியம், இங்கே அரசுப் பள்ளி, சபைப் பள்ளி என்று பார்க்காமல் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனது. அதன் வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது என்பாள் அம்மா.

இப்போது எங்கள் மலைக்கு அரிசி வருகிறது. புத்தகம் வருகிறது. வாரத்தில் இரண்டு நாள் பால், ஒரு நாள் முட்டை. 2025 ஆகஸ்டிலிருந்து முட்டைச் சாதம், வெஜிடபிள் பிரியாணி என்று சாப்பாட்டுப் பட்டியலையே மாற்றிவிட்டார்கள். ஆசிரியருக்குச் சம்பளம் வருகிறது. பிள்ளை வருவதற்குத்தான் வழி இல்லை.

தோட்டத்து வழியை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு டிவிஷனிலிருந்து பள்ளிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சாதாரணம். மெயின் ரோட்டில்தான் பஸ். உள்ளே ட்ரிப் ஜீப். நடந்து போகலாம் என்றால் காலை ஏழரை மணி மூடுபனியில் யானை நிற்பது தெரியாது. ஜீப்புக்காரர் மாசத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது, டீசலுக்கும் டயருக்கும் அவர்தான் கொடுக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் இருந்தால், கொழுந்து எடுக்கிறவள் கூலியில் பல நாள் கூலி ஜீப்புக்கே போய்விடும்.

அந்த ஜீப் காசைப் பல பள்ளிகளில் யார் கொடுக்கிறார்கள் தெரியுமா? டீச்சர்கள். தங்கள் சம்பளத்திலிருந்து. கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாள் தலை எண்ணுவார்கள். அன்றைக்கு இருக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று தீர்மானிப்பார்கள். பிள்ளை குறைந்தால் வகுப்புப் பிரிவு போகும், பிரிவு போனால் டீச்சரின் வேலைக்கே ஆபத்து. அதனால் மே மாதமே டீச்சர்கள் லயம் லயமாக ஏறி இறங்குவார்கள். "அக்கா, பாப்பாவை நம்ம ஸ்கூல்ல சேருங்க, ஜீப்பு நாங்க பாத்துக்கிறோம்." பை, குடை, நோட்டு எல்லாம் அவர்கள் வாங்கித் தருவார்கள். எம்எல்ஏ நிதியில் சில பள்ளிகளுக்கு பஸ் கிடைக்கிறது, அரசுப் பள்ளிக்கும் உண்டு, உதவிபெறும் பள்ளிக்கும் உண்டு. ஆனால் பஸ் வந்த பிறகு டிரைவர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ்? அதுவும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தலையிலும் டீச்சர் தலையிலும்தான் விழுகிறது. என்னோடு படித்த ஒருத்தி இப்போது டீச்சர். மாதா மாதம் சம்பளம் வந்த அன்றே வண்டிக்கு என்று ஒரு தொகை எடுத்து வைக்கிறாள். அவள் நல்ல மனசுக்காரி. ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பு டீச்சரின் வேலை போகும் பயத்தில் தொங்கக் கூடாது.

சாப்பாடு பிள்ளைக்கு, புத்தகம் பிள்ளைக்கு என்றால், வண்டியும் பிள்ளைக்குத்தான். பள்ளி வாசலில் சிலுவையா, பிறையா, ஓமா என்று பார்க்காமல், வீட்டிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்கு மேல் என்றால் போக்குவரத்துச் செலவு அரசுடையது என்று எங்கள் மலைத் தாலுகாக்களிலாவது வைக்கலாம். நண்பரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. சபைக்குப் பணம் கொடுக்கச் சொல்லவில்லை. ஜீப்புக்குக் கொடுக்கச் சொல்கிறேன். ஜீப்பில் ஏறுகிற பிள்ளைக்கு.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இருந்த ஒரு முள்ளையும் நான் ஒத்துக்கொள்கிறேன். சித்தி மகள் பிஎட் முடித்தவள். எஸ்டேட் லயத்திலிருந்து படித்து வந்த முதல் பட்டதாரி, அந்த வரிசையில். உதவிபெறும் பள்ளி ஒன்றில் இடம் காலி என்று போனாள். எவ்வளவு கொடுக்க முடியும் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன தொகை சித்தி ஆயுசு முழுக்க எடுத்த கொழுந்துக்கும் கிடைக்காது. மாசச் சம்பளம் மக்கள் பணம், நியமிப்பது நிர்வாகம், நடுவில் கைமாறுவதற்கு ரசீது இல்லை. முண்டசேரி மசோதாவின் 11ஆம் பிரிவு, பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பட்டியலிலிருந்து ஆசிரியரை எடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதைத் தள்ளவில்லை. 1959இல் அமைச்சரவைக்கு எதிராக விமோசன சமரம் என்ற போராட்டம், ஜூலை 31 அன்று அமைச்சரவை கலைப்பு. 1960இல் அடுத்து வந்த அரசு அந்தப் பிரிவை மாற்றிவிட்டது. அந்த மாற்றத்துக்கு எங்கள் லயத்துப் பட்டதாரிகள் இன்னும் விலை கொடுக்கிறார்கள். நிர்வாகங்களின் உரிமையை நான் மதிக்கிறேன், சிஸ்டர்கள் இல்லாவிட்டால் நான் எழுத்துக்கூட்டியிருக்க மாட்டேன். அதே சமயம் பட்டியல் வெளிப்படையாக இருக்கட்டும், தலித்துகளுக்கும் ஆதிவாசிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இடம் இருக்கட்டும் என்று கேட்பது அந்த உரிமையைப் பறிப்பதாக ஆகாது. எல்லாப் பிள்ளைக்கும் வாசல் திறந்தது போல, படித்து முடித்துத் திரும்பி வருகிற பிள்ளைக்கும் திறக்க வேண்டும்.

இலங்கையில் வேறு வழியில் போய்ப் பார்த்தார்கள். 1960இல் சிறிமாவோ அரசு உதவிபெறும் சமயப் பள்ளிகளைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள்ளேயே குடியிருந்து மறித்தார்கள். ஒரு சில பள்ளிகள்தான் தனியாக நின்றன. அதை இங்கே யாரும் விரும்புவதாக எனக்குத் தெரியவில்லை, நானும் விரும்பவில்லை.

போன மாதம் என் பழைய பள்ளிப் பக்கம் போனேன். கஞ்சிப்புரைக்கு ஓடு போய் ஷீட் வந்திருக்கிறது. கேஸ் அடுப்பு. சுவரில் அன்றைய சாப்பாடு என்ன என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. சமையல் செய்கிற அக்காவும் எங்கள் எஸ்டேட்தான், என்னைப் பார்த்ததும் ஒரு தட்டு போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் நாலாம் வகுப்புப் பாப்பா ஒன்று உட்கார்ந்து சாப்பிட்டது. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டேன். மேல் டிவிஷன் பேரைச் சொன்னது. இந்த வருஷத்தோடு அந்தப் பக்கம் ஜீப் நின்றுவிடுமாம், நாலு பிள்ளைக்காக அவ்வளவு தூரம் ஏறினால் கட்டாது என்று டிரைவர் சொல்லிவிட்டாராம்.

"அப்ப அடுத்த வருஷம் எப்படி வருவ?"

"வர மாட்டேன். போடியில அம்மாச்சி வீட்டுக்குப் போறேன். அங்க காலையிலயும் சாப்பாடு போடுறாங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். ஜூனில் ஆறாவது வேலைநாள் எண்ணும்போது ஒரு தலை குறையும்.